ஒரு வெள்ளிச் சீட்டும் புலனத்தில் வந்த குரலும்

கடந்த மாதம் புக்கிட் ரோத்தானில் ஒரு காதுகுத்து விருந்து. பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர், தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்துவிட்டு இப்போது தாமானில் மகளோடு இருக்கும் ஓர் அக்கா. வயது 57. இனிப்புநீரும் இரத்த அழுத்தமும் உண்டு. பாயசத்தை ஒதுக்கி வைத்தவரிடம், "மருந்தெல்லாம் ஒழுங்கா எடுக்கிறீங்களாக்கா?" என்று பேச்சுக்குத்தான் கேட்டேன்.

"மருந்து முடிஞ்சு மூணு வாரம் ஆச்சு தம்பி. கிளினிக்குப் போகல. இனிமே ஒரு வெள்ளி கிடையாதாமே! நூறு வெள்ளி கட்டணுமாம். அதுவும் பத்தாம பிள்ளைங்க சம்பளத்துலயும் பத்து பெர்செண்ட் பிடிக்கப் போறாங்களாம். அங்க போயி காசு இல்லாம நின்னு அசிங்கப்படுறதுக்கு வீட்டுலயே இருக்கலாம்னு இருந்துட்டேன்."

"யாருக்கா சொன்னா?"

"வாட்சாப்புல வந்துச்சு. நல்லாப் படிச்சவரு மாதிரிதான் பேசினாரு."

கைப்பேசியை வாங்கிக் கேட்டேன். நான்கு நிமிடக் குரல் பதிவு. பேசியவர் தம் பெயரைச் சொல்லவில்லை, எந்தத் தேதியையும் சொல்லவில்லை, எந்த ஆவணத்தையும் குறிப்பிடவில்லை. "அரசாங்கம் முடிவு பண்ணிட்டாங்க" என்று மட்டும் மூன்று முறை சொன்னார்.

அந்தக் குரலை நம்பி ஒரு தாய் மூன்று வாரம் மருந்தில்லாமல் இருந்திருக்கிறார். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, நாட்டில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு, கிட்டத்தட்ட மூவரில் ஒருவர். ஆகவே அரசு கிளினிக்கைப் பற்றிய ஒரு பொய், மற்ற வீடுகளைவிட நம் வீடுகளுக்குள்தான் அதிகம் நுழைகிறது.

முதலில் அந்த ஒரு வெள்ளி விஷயத்தைப் பார்ப்போம். அரசு சுகாதாரக் கிளினிக்கில் வெளிநோயாளியாகச் செல்லும் குடிமகன் ஒரு வெள்ளி கட்டுகிறார். டாக்டரைப் பார்ப்பதும் மருந்தும் அதற்குள் அடக்கம். அரசு மருத்துவமனையில் நிபுணரைப் பார்க்க ஐந்து வெள்ளி. 60 வயதைக் கடந்த குடிமக்களுக்கு வெளிநோயாளிப் பதிவுக்கான அந்த ஒரு வெள்ளியும் இல்லை. இந்தக் கட்டணங்களுக்கு அடிப்படை 1982ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டண ஆணை. அதை மாற்ற வேண்டுமானால் புதிய ஆணை வார்த்தா எனப்படும் அரசிதழில் வெளிவர வேண்டும். குரல் பதிவில் சொன்ன நூறு வெள்ளிக்கு அப்படி எந்த ஆணையும் இல்லை.

சம்பளப் பிடித்தம் இதைவிடக் கடினமான காரியம். சொக்சோ பிடித்தம் 1969ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. வேலையிழந்தோருக்கான காப்புறுதிப் பிடித்தம் 2018 ஜனவரியில் தொடங்கியது. அதற்கு முன் 2017இல் நாடாளுமன்றத்தில் மசோதா தாக்கலாகி, விவாதிக்கப்பட்டு, சட்டமானது. நாடு முழுவதும் தொழிலாளர் சம்பளத்தில் கை வைக்கும் எந்தத் திட்டமும் இந்த வழியாகத்தான் வர வேண்டும். விடிந்தால் அமலாகிவிடும் விஷயம் அல்ல அது.

ஆனால் அக்காவை ஏமாளி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருடைய பயத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

கோலசிலாங்கூர், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை (இன்றைய பெஸ்தாரி ஜெயா), சபாக் பெர்ணம் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு டிரசரைத் தெரியும். காய்ச்சலோ, வெட்டுக்காயமோ, பிரசவ வலியோ, முதலில் ஓடியது அவரிடம்தான். அந்தத் தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்ய 1965இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறி, மக்கள் வெளியேறியபோது லயன் வீட்டோடு டிரசரும் போய்விட்டார். அவர் இருந்த இடத்தில் இன்று நமக்கு இருப்பது அரசு கிளினிக்கும் தஞ்சோங் காராங் மருத்துவமனையும்தான். கைவசம் மிஞ்சிய ஒன்றையும் பிடுங்கப் போகிறார்கள் என்று யாராவது சொன்னால், ஒன்றை ஏற்கெனவே இழந்தவர்கள் சட்டென்று நம்பத்தான் செய்வார்கள்.

அரசு மருத்துவத்துறையில் தனியார்மயம் நடந்ததே இல்லை என்றும் சொல்ல முடியாது. அரசு மருத்துவமனைகளுக்கான மருந்து விநியோகம் 1994இல் தனியாரிடம் கொடுக்கப்பட்டது. 1990களின் இரண்டாம் பாதியில் மருத்துவமனைத் துப்புரவு, சலவை, கருவிப் பராமரிப்பு ஆகியவை குத்தகை நிறுவனங்களுக்குப் போயின. நம் பெண்கள் பலர் அந்தத் துப்புரவு வேலையில் இருப்பவர்கள். குத்தகை மாறும்போதெல்லாம் வேலை நிலைக்குமா என்று கலங்குவது என்ன என்பது அவர்களுக்குத் தெரியும்.

குரல் பதிவில் வந்த 'பத்து விழுக்காடு' எனக்குப் பழைய அறிமுகம். 2012இன் தொடக்கத்தில் இதே எண் நாடு முழுவதும் சுற்றியது. அப்போது அதன் பெயர் '1கேர்'.

2009இல் சுகாதார அமைச்சு அந்தத் திட்டத்துக்கான கருத்தாவணத்தைத் தயாரித்தது. அரசு, முதலாளி, தொழிலாளி மூவரும் சந்தா செலுத்தும் ஒரு சமூக சுகாதாரக் காப்புறுதி; ஒவ்வொரு குடும்பமும் ஒரு கிளினிக் டாக்டரிடம் பதிந்துகொள்ளும் முறை. இதுதான் அதன் சாரம். ஆவணம் மக்கள் முன் முறையாக வைக்கப்படவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தகவல் வெளியே கசிந்தபோது, 'வேண்டாம் 1கேர்' என்ற இயக்கம் கிளம்பியது. குடும்ப வருமானத்தில் பத்து விழுக்காடு வரை போய்விடும், விருப்பமான டாக்டரிடம் போக முடியாது என்ற செய்திகள் மின்னஞ்சலிலும் முகநூலிலும் பரவின. அன்றைய சுகாதார அமைச்சர் லியாவ் தியோங் லாய், எதுவும் முடிவாகவில்லை, திட்டம் இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது என்றார். 1கேர் கடைசிவரை நடைமுறைக்கு வரவே இல்லை.

அதில் எது உண்மை, எது பொய்? கட்டாயச் சந்தா என்ற யோசனை ஆவணத்தில் இருந்தது, அது உண்மை. பத்து விழுக்காடு முடிவாகிவிட்டது என்பது உண்மையல்ல. எதுவும் முடிவாகவில்லை என்று அமைச்சர் சொன்னதும் சரிதான். ஆனால் அந்தப் பதில், ஆவணத்தில் என்ன இருக்கிறது என்ற கேள்விக்குப் பதிலாகவில்லை. சுகாதாரச் சேவைத் தனியார்மயத்தை நெடுங்காலமாக எதிர்த்துவரும் டாக்டர் மைக்கல் ஜெயக்குமார் தேவராஜ் போன்றவர்கள், ஏழைகளின் பாதுகாப்பு என்னவாகும் என்று எழுப்பிய நியாயமான கேள்விகளும், ஊர் பேர் தெரியாத மின்னஞ்சல்களும் ஒரே கூச்சலில் கலந்துபோயின. அரசு கதவைச் சாத்திக்கொண்டு பேசினால், வெளியே இருப்பவர்கள் ஊகித்துத்தான் பேசுவார்கள். அந்த ஊகத்தில் ஒரு எண் சேர்ந்தால் பத்து ஆண்டு கடந்தும் சாகாது.

இது நம் நாட்டில் மட்டும் நடப்பதல்ல. 2009இல் அமெரிக்காவில் அதிபர் ஒபாமாவின் மருத்துவச் சீர்திருத்தம் விவாதத்தில் இருந்தபோது, முதியவர் யார் வாழலாம், யார் சாகலாம் என்று முடிவு செய்ய அரசு 'மரணக் குழு' அமைக்கப் போகிறது என்று அரசியல்வாதி சாரா பேலின் முகநூலில் எழுதினார். மசோதாவில் உண்மையில் இருந்தது வேறு. கடைசிக் காலத்தில் என்ன மாதிரியான சிகிச்சை வேண்டும் என்று முதியவர் தாமே விரும்பி டாக்டரிடம் ஆலோசனை கேட்டால், அந்த ஆலோசனைக்கான கட்டணத்தை அரசுக் காப்புறுதி கொடுக்கும் என்பதே அந்தப் பிரிவு. உண்மைச் சோதனை செய்யும் பொலிட்டிஃபேக்ட் அதை அந்த ஆண்டின் மிகப் பெரிய பொய் என்று அறிவித்தது. இருந்தும் அந்தப் பிரிவு இறுதிச் சட்டத்தில் இடம்பெறவில்லை. பொய் என்று நிரூபணமான பிறகும், முதியவர்களுக்குப் பயன்பட்டிருக்கக்கூடிய ஒன்று கைவிட்டுப் போனது.

இனி நம் நாட்டு நிலவரத்துக்கு வருவோம். கடந்த சில ஆண்டுகளில் வீட்டிலும் வேலையிடத்திலும் அடிக்கடி அடிபடும் நான்கு விஷயங்களை எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது, சுகாதார வெள்ளை அறிக்கை. டாக்டர் ஸலிஹா முஸ்தஃபா அமைச்சராக இருந்தபோது, 2023 ஜூன் 13ஆம் தேதி நாடாளுமன்றத்தில் தாக்கலாகி, 15ஆம் தேதி ஏற்கப்பட்டது. பதினைந்து ஆண்டுகளுக்கான சீர்திருத்தப் பாதை அது. 'வெள்ளை அறிக்கை நிறைவேறிவிட்டது, அதனால் கட்டணம் ஏறிவிட்டது' என்று சிலர் பேசுகிறார்கள். வெள்ளை அறிக்கை சட்டமல்ல. எந்தத் திசையில் போகலாம் என்று சொல்லும் ஆவணம். அதே சமயம், சுகாதாரத்துக்கான நிதியை நீண்ட காலத்துக்கு எப்படித் திரட்டுவது என்பது அதன் நான்கு தூண்களில் ஒன்று. எனவே பணத்தைப் பற்றிய பேச்சே அதில் இல்லை என்று யாராவது சொன்னால் அதையும் நம்ப வேண்டாம்.

இரண்டாவது, ராக்கான் கேகேஎம். 2025ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில், 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு மருத்துவமனைகளில், கட்டணம் செலுத்த விரும்புவோருக்குக் கூடுதல் வசதியோடு, அவசரமில்லாத சிகிச்சை அளிக்கும் திட்டம். 'அரசு மருத்துவமனையை விற்றுவிட்டார்கள்' என்பது பொய். 'எதுவுமே மாறவில்லை' என்பதும் முழு உண்மையல்ல. அரசு மருத்துவமனையில் முழுக் கட்டண நோயாளி என்பது புதிதுமல்ல. 2007இலேயே புத்ராஜெயா, செலாயாங் மருத்துவமனைகளில் அது தொடங்கிவிட்டது. காசு கொடுப்பவர் பக்கம் நிபுணரின் நேரம் போய், ஒரு வெள்ளிக்காரர் இன்னும் நீண்ட நேரம் காத்திருக்க நேருமா? நேரும் என்கிறார்கள் விமர்சிப்பவர்கள். நேராது, கூடுதல் வருமானம் கிடைத்தால் நிபுணர்கள் அரசுச் சேவையிலேயே தங்குவார்கள் என்கிறது அமைச்சு. இரண்டுமே கணிப்புகள். இவற்றைப் பொய் என்றும் சொல்ல முடியாது, மெய் என்றும் சொல்ல முடியாது. காத்திருக்கும் நாட்களின் கணக்கை அமைச்சு தொடர்ந்து வெளியிட்டால்தான் விடை தெரியும். நாம் கேட்க வேண்டியது அந்தக் கணக்கைத்தான்.

மூன்றாவது, சேமநிதிப் பணம். மருத்துவக் காப்புறுதிச் சந்தா ஏறியதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மெடிக்கல் கார்டு வைத்திருக்கும் இளையோர் பலர் கடிதம் வந்ததும் அதிர்ந்துபோனார்கள். 2024 டிசம்பர் 20ஆம் தேதி பேங்க் நெகாரா தலையிட்டு, சந்தா உயர்வைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பரப்ப வேண்டும் என்றது. அதன் பிறகு 2025இல், அடிப்படைக் காப்புறுதித் திட்டம் ஒன்றுக்குச் சேமநிதியின் இரண்டாவது கணக்கிலிருந்து சந்தா கட்டலாம் என்ற யோசனை பேசப்பட்டது. உடனே 'சேமநிதியில் கை வைக்கிறார்கள்' என்று புலனம் சூடாகியது. விரும்பியவர் மட்டுமே சேரலாம் என்று அரசு விளக்கியது. கட்டாயம் என்று சொன்னது பொய். ஓய்வுக்கால சேமிப்பு கரையுமே என்ற கவலை பொய்யல்ல. அது நியாயமான கருத்து.

நான்காவது, மருந்து விலை. 2025 மே 1 முதல் தனியார் கிளினிக்குகளும் மருந்தகங்களும் மருந்து விலையைக் காட்சிக்கு வைக்க வேண்டும். மே 6ஆம் தேதி டாக்டர்கள் புத்ராஜெயாவில் பேரணியே நடத்தினார்கள். 'அரசு மருந்து விலையைக் குறைத்துவிட்டது' என்று ஒரு பக்கமும், 'விலையைக் கட்டுப்படுத்தி கிளினிக்குகளை மூடப் பார்க்கிறது' என்று மறுபக்கமும் பேச்சு. ஆணை சொன்னது விலையைக் காட்டு என்பது மட்டுமே. எவ்வளவுக்கு விற்க வேண்டும் என்று அது சொல்லவில்லை.

இந்த நான்கையும் பிரித்துப் பார்க்க எனக்கு உதவியது ஒரே ஒரு கேள்வி: 'இது இப்போது எந்தப் படியில் நிற்கிறது?' முதல் படி, யாரோ ஒருவர் பேசியது. அடுத்த படி, அமைச்சோ குழுவோ முன்வைத்த யோசனை. அதற்கும் மேலே அமைச்சரவையின் முடிவு. கடைசிப் படி, நாடாளுமன்றத்தில் சட்டமாகவோ அரசிதழில் ஆணையாகவோ வந்தது. வதந்தி பெரும்பாலும் முதல் இரண்டு படியில் இருப்பதைத் தூக்கிக் கடைசிப் படியில் வைத்துவிடும். அரசியல்வாதி சில வேளைகளில் இதற்கு நேர்மாறாகச் செய்வார். மூன்றாம் படிக்கு வந்துவிட்டதை, 'இன்னும் பேச்சுதான்' என்று கீழே இறக்கிக் காட்டுவார். இரண்டையும் கவனிக்க வேண்டும்.

நாடாளுமன்றத்தில் பேசப்பட்டதெல்லாம் ஹன்சார்ட் அறிக்கையாக இணையத்தில் கிடைக்கிறது. அரசிதழையும் இணையத்தில் தேடலாம். மலாய் படிக்கத் தெரிந்த பிள்ளை வீட்டில் ஒருவர் இருந்தாலும் போதும். அரசின் 'செபெனார்ஞா' தளத்திலும் பார்க்கலாம். ஆனால் அது அரசே நடத்தும் தளம் என்பதை மனத்தில் வையுங்கள். ஒரு செய்தி போலி என்று அது சொல்லலாம். ஒரு கொள்கை நல்லதா கெட்டதா என்பதற்கு அங்கே தீர்ப்புத் தேடக்கூடாது.

பொய்யை நம்பி இழப்பதைப் போலவே, உண்மையை நம்பாமல் இழப்பதும் உண்டு. பெக்கா பி40 என்ற திட்டம் 2019இலிருந்து இருக்கிறது. அரசின் ரொக்க உதவி பெறும் குடும்பங்களில் 40 வயதைக் கடந்தவர்களுக்கு, பதிந்துகொண்ட தனியார் கிளினிக்குகளிலும் இலவச உடற்பரிசோதனை. தேவைப்படுவோருக்கு மருத்துவக் கருவி வாங்க 20,000 வெள்ளி வரை உதவி. புற்றுநோய்ச் சிகிச்சையை முடிப்பவர்களுக்கு 1,000 வெள்ளி ஊக்கத்தொகை. இதைச் சொன்னால், "சும்மா எவன் கொடுப்பான் தம்பி, இதுல ஏதோ இருக்கு" என்று சிரிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பொய்ச் செய்திகளுக்கு இடையிலேயே வாழ்ந்து பழகியவர்களுக்கு நல்ல செய்தியும் பொய்யாகத்தான் தெரிகிறது.

கோலசிலாங்கூர் வாக்காளர்களுக்கு வேறு யாருக்கும் இல்லாத ஒரு வசதி இருக்கிறது. 2023 டிசம்பரில் மீண்டும் சுகாதார அமைச்சரான டாக்டர் சுல்கிப்ளி அமாட் நம் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். தேர்தல் காலத்தில் கைகுலுக்க வருபவரிடம் சாலை விளக்கைப் பற்றிக் கேட்பதோடு நிறுத்த வேண்டாம். 'ஒரு வெள்ளிக் கட்டணத்தை மாற்றும் எண்ணம் உண்டா? உண்டென்றால் யாருக்கு? எப்போது மக்களிடம் சொல்வீர்கள்?' என்று எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் வரும் பதிலைப் புலனத்தில் அனுப்புங்கள். எதிர்க்கட்சிக்காரர் வந்து 'எல்லாம் போச்சு' என்றால், 'எந்தத் தேதியில், எந்த ஆணையில்?' என்று அவரிடமும் கேளுங்கள்.

அக்காவின் கதைக்கு வருகிறேன். பந்தி முடிந்ததும் மகளைக் கூப்பிட்டுப் பேசினேன். அடுத்த செவ்வாய்க்கிழமை அவரே அம்மாவைக் கிளினிக்குக் கூட்டிப் போனார். இரத்தத்தில் இனிப்பு ஏறியிருந்ததால் டாக்டர் மருந்தின் அளவைக் கூட்டி, இரண்டு வாரத்தில் மறுபடியும் வரச் சொன்னாராம். கட்டணம் ஒரு வெள்ளி.

அந்தச் சீட்டைப் படம் பிடித்து, குரல் பதிவு வந்த அதே குழுவில் மகள் போட்டிருக்கிறார். தேதி தெரியும்படி. கீழே அக்கா தம் குரலிலேயே பேசி அனுப்பியிருந்தார்: "நான் போயிட்டு வந்துட்டேன். ஒரு வெள்ளிதான். பயப்படாம போங்க."

அது 11 வினாடிப் பதிவு. உங்கள் குழுவிலும் அப்படி ஒருவர் பேசட்டும்.